பேசாச் சுருளும் பழங்கண்டிப் பெருமையும்

பழமையைப் போற்றுதல் நன்று. முன்னோர் தேடிவைத்த பொருளைப் பேணாத குடியும், அவர் வாழ்ந்த வாழ்வை மறந்த நாடும் வேரற்ற மரம் போல்வன. எனினும் பழமையைப் போற்றுதல் வேறு. பழமைக்குப் பொன்முலாம் பூசிப் பார்த்தல் வேறு. முன்னது அறிவின்பாற்பட்டது, பின்னது ஏக்கத்தின்பாற்பட்டது. ஏக்கங்கொண்ட மனம் தான் காண விரும்பியதையே காணும்; விரும்பாததை விலக்கும். அங்ஙனம் விலக்கப்படுவன கல்லும் மண்ணும் மட்டுமாயின் இழப்புச் சிறிதே. பெரும்பாலும் விலக்கப்படுவோர் மனிதராய் இருத்தலினாலேயே அவ்வேக்கம் ஆராயப்படவேண்டியதாகின்றது.

இலங்கையில் இத்தகைய ஏக்கத்துக்கு மிகுதியும் இடங்கொடுத்த நகரம் கண்டியாகும். 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையோடு இலங்கையின் இறுதி அரசு அங்கே முடிவுற்றது. அன்றுதொட்டு அந்நகரம் இழந்த பெருமையின் சின்னமாயிற்று. மலை சூழ்ந்த ஏரி, அதன் கரையில் தலதா மாளிகை, அதன் எண்கோண மண்டபம், ஆடி மாதத்துப் பெரஹரா, அணிசெய்த யானை, வெள்ளி நகை பூண்ட ஆடற் கலைஞர் ஆகிய இவையே கண்டி என எழுதுவோரும் ஓவியந் தீட்டுவோரும் அஞ்சலட்டை அச்சிடுவோரும் கொண்டனர். நகரிலிருந்து சில கல் தொலைவு எத்திசையிற் சென்றாலும் தேயிலைத் தோட்டமும் லய வரிசையும் கண்ணிற்படும். ஆயினும் பழங்கண்டியின் சித்திரத்துள் அவை இடம்பெறுவதில்லை. இடம்பெறினும், தூரத்துப் பசுமையாக மட்டுமே இடம்பெறும்.

இச்சித்திரத்தை உலகெங்கும் பரப்பிய கலைப்படைப்புக்களுள் தலையாயது, 1934ஆம் ஆண்டு பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப் படமாகும். 'இலங்கையின் பாடல்' என அதனைத் தமிழிற் குறிக்கலாம். அப்படம் பழமையேக்கத்தின் முடிமணி என்பது பலர் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்துமா? ஒருபாதி பொருந்தும், மறுபாதி பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அப்படத்தின் ஒலி பழமையைப் பாடுகின்றது. ஒலியில்லாது பிடிக்கப்பட்ட அதன் படச்சுருளோ அப்பாட்டை ஐயுறுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் வழக்கே அப்படத்தின் அரசியல் எனலாம்.

முதலிற் பேசாப் படத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். பேசாப் படம் பேச இயலாத குறைபாடுடைய கலை என்று எண்ணுதல் தவறு. சொல் இன்மையால் காட்சிகளை அடுக்கும் முறையே அதற்குச் சொல்லாயிற்று. ஒரு காட்சிக்குப் பின் எக்காட்சி வருகின்றது என்பதிலேயே அதன் கருத்து வெளிப்படும். செல்வன் ஒருவனைக் காட்டியபின் வறியவன் ஒருவனைக் காட்டினால், எவரும் வாய் திறவாமலே வினா ஒன்று எழுந்துவிடுகின்றது. 1920களில் உருசிய நாட்டார் இம்முறையை அரசியற் கருவியாக வளர்த்தனர். ஐசன்சுரைனின் 'பொற்றெம்கின் போர்க்கப்பல்' 1925இலும், வேர்ற்றோவின் 'படக்கருவி ஏந்திய மனிதன்' 1929இலும் வெளிவந்தன.

நகரமொன்றின் புகழ்முகத்தைப் பேசாப் படத்தாற் கிழித்துக் காட்டியமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிரான்சு நாட்டு இளைஞரான சோன் வீகோ 1930இல் எடுத்த 'நீஸ் நகரைப் பற்றி' என்ற படமாகும். வேர்ற்றோவின் தம்பியான பொறிஸ் கவுப்மன் அதற்குப் படம்பிடித்தார். கடற்கரை உலாவீதியில் வெயில் காயும் செல்வர், களியாட்ட விழாவின் பெருந்தலைப் பொம்மைகள், பழைய நகரின் ஒடுங்கிய சந்துகள், அங்கே தொங்கும் சலவைத் துணிகள், கல்லறைச் சிலைகள், இறுதியில் ஆலைப் புகைபோக்கிகள் என்பன அதில் மாறி மாறி வருகின்றன. ஒரு சொல்லும் இன்றி, உல்லாச நகரம் என்ற பெயருக்குள் இரண்டு நகரங்கள் உள்ளன என்பது புலப்பட்டுவிடுகின்றது. வீகோ 1934ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், 29 வயதில் இறந்தார். இலங்கையின் பாடல் உருவானதும் அதே ஆண்டிலாகும்.

இக்கலைமரபு இங்கிலாந்துக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் திரைப்படக் கழகம் 'பொற்றெம்கின் போர்க்கப்ப'லைத் திரையிட்டபொழுது, அதே காட்சியில் யோன் கிறியேசன் எடுத்த 'டிறிஃப்ரேஸ்' என்ற பேசாப் படமும் காட்டப்பட்டது. மீன்பிடிக்கும் தொழிலாளரைப் பற்றியது அது. உழைப்பாளியின் முகத்தைத் திரையின் நடுவில் நிறுத்திய அப்படத்தோடு பிரித்தானிய விவரணப் பட இயக்கம் தோன்றிற்று. கிறியேசன் முதன்முதற் சேர்த்துக்கொண்ட இளைஞருள் ஒருவரே பசில் றைற். ஆகவே அவர் 1934இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தபொழுது பேசாப் படத்தின் பயிற்சியோடும் அதன் அரசியல் உணர்வோடும் வந்தார் என்று கொள்ளுதல் தகும்.

அவரை அனுப்பியோர் யாவர்? இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை பணம் கொடுத்தது. தேயிலை விற்பனைக்கு உதவும் நான்கு சிறு படங்களே முதலில் வேண்டப்பட்டன. அவை பின்னர் நான்கு பகுதிகளையுடைய ஒரே படமாக உருப்பெற்றன. பேரரசு வணிக மேம்பாட்டுச் சபை 1933இல் கலைக்கப்பட்டபின் கிறியேசனின் குழு பிரித்தானிய அஞ்சல் அலுவலகத் திரைப்படப் பிரிவாயிற்று. அப்பிரிவிலேயே இப்படம் நிறைவுற்றது. ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் இப்படம் 1935இல் பிறசெல்சு நகரத்துத் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. கிறகம் கிறீன் முதலிய எழுத்தாளர் அதனைப் பாராட்டினர்.

இவ்விடத்தில் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. இலங்கையிற் பிடித்த காட்சிகள் யாவும் ஒலியின்றிப் பிடிக்கப்பட்டவை. ஒலிச்சுருள் முழுவதும் இங்கிலாந்திற் பின்னர் அமைக்கப்பட்டது. இசையமைத்தவர் வால்ரர் லீ. உரையை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த பறங்கியரும் ஒளிப்படக் கலைஞரும் பியானோ வல்லுநருமாகிய லயனல் வென்ற். எனவே இப்படம் வெளியாரின் கண்ணுக்குப் பேசும் படம். பிறப்பாற் பேசாப் படம். கண்டது இலங்கையில், கேட்டது இலண்டனில். இவ்விரண்டையும் பிரித்து நோக்குவோர்க்கே இதன் உட்பொருள் விளங்கும்.

படத்தின் நான்கு பகுதிகளாவன: 'புத்தர்', 'கன்னித் தீவு', 'வணிகத்தின் குரல்கள்', 'தெய்வத்தின் உடை'. முதற்பகுதியில் இருண்ட ஓலைகளினூடே படக்கருவி நகர்கின்றது; பின்னர் அடியார் கூட்டம் சிவனொளிபாத மலையில் ஏறுகின்றது. உச்சியில் மணி ஒலிக்கின்றது. ஒலி பள்ளத்தாக்கெங்கும் பரவ, ஒரு பறவை பறந்து செல்கின்றது. இரண்டாம் பகுதியிற் கிராம வாழ்வு: மட்கலம் வனைதல், மீன் பிடித்தல், வயல் அறுத்தல், சிறுவர் ஆசிரியரிடம் கண்டிய நடனம் பயிலல். மூன்றாம் பகுதியில் யானை மரத்தைச் சாய்க்கின்றது. புகையிரதம் மலைநாட்டினூடே செல்கின்றது. பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். நான்காம் பகுதி பொலன்னறுவைக் கல்விகாரைக்கும், ஒருவர் மலர் வைத்து வணங்கும் காட்சிக்கும், கண்டிய ஆடற் கலைஞர் அணிகலன் பூண்டு ஆடுதலுக்கும் மீள்கின்றது. பழமையில் தொடங்கி, வணிகத்தைக் கடந்து, மறுபடியும் பழமையிற் புகுதலே படத்தின் அமைப்பு. இவ்வமைப்பை மட்டும் நோக்குவோர் இதனை ஏக்கப் படம் எனக் கூறுதலில் வியப்பில்லை.

அவ்வேக்கத்துக்கு மொழி கொடுத்தது றொபேட் நொக்சின் நூல். 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அந்நூலிலிருந்து சமயம், பயிர்த்தொழில், வீட்டு வாழ்க்கை பற்றிய பகுதிகளே படத்தின் உரையாக ஒலிக்கின்றன. வென்றின் அமைந்த குரலில் அச்சொற்கள் தொன்மை மணம் கமழ்கின்றன. கேட்போர், காலம் தீண்டாத நாடொன்றில் நிற்பதாக உணர்கின்றனர். ஆனால் நொக்ஸ் யார்? அவர் கண்டிநாட்டைக் காதலித்த பயணியல்லர், அந்நாட்டின் கைதி. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் மறித்துவைக்கப்பட்டார். உடன் பிடிபட்ட தந்தையார் அடுத்த ஆண்டில் இறந்தார். 1679இல் அனுராதபுரத்து வழியே காடு கடந்து, மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தே அவர் விடுதலை பெற்றார்.

அவர் நூலில் மக்களின் நற்குணம் மட்டுமன்று, மன்னனின் கொடுமையும் விரிவாக உண்டு. குடிகள் செய்ய நேர்ந்த கட்டாய ஊழியம், அரசனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி, அதற்குப் பின் விளைந்த தண்டனைகள் ஆகியவற்றை அவர் எழுதுகின்றார். குற்றவாளியை யானை கொல்லும் காட்சி அந்நூலின் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று. யானை என்ற ஒரே உயிர் கண்டி பற்றிய மூன்று சித்திரங்களில் மூன்று தொழில் செய்தலை இங்கே காணலாம். நொக்சின் நூலில் அது கொலைஞன்; றைற்றின் படத்தில் அது மரத்தைச் சாய்க்கும் கூலி; ஏக்கங்கொண்டோர் நினைவில் அது முகபடாம் அணிந்த திருவிழா நாயகன். மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலிரண்டையும் மறப்பதே ஏக்கத்தின் வேலை. கைதி ஒருவன் தப்பிவந்து எழுதிய வாக்குமூலத்திலிருந்து இனிய பகுதிகளை மட்டும் பொறுக்கி, அதனைப் பழமையின் புகழ்ப்பாவாக ஆக்கியமை இப்படத்தின் ஒலிச்சுருள் செய்த பிழை.

பழங்கண்டி பற்றிய ஏக்கத்தை ஆங்கிலேயர் மட்டும் வளர்த்தாரல்லர். தமிழ்த் தந்தையார்க்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிய ஆய்வுத்துறைப் பணியாற்றிய காலத்தில், மலைநாட்டுக் கைவினைஞரின் கலையைத் தேடித் தொகுத்தார். 1905இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைப் பேணுமாறு வேண்டினார். 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். அவர் செய்தது பெருந்தொண்டு, ஐயமில்லை. வணிக ஆதிக்கத்தாற் கைத்தொழில் அழிந்ததென அவர் கண்டதும் உண்மையே. ஆயினும் வணிகம் கண்டியர் கைவினையை அழித்தபொழுது, அதே வணிகம் அதே மலைகளுக்குக் கொண்டுவந்த இன்னொரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு அவ்வாராய்ச்சியின் பொருளாகவில்லை. பழமையை ஆராய்வோர் கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இது சான்று.

இனி மூன்றாம் பகுதியை நோக்குவோம். படத்தின் உயிர்நிலை அதுவே. கண்ணுக்குத் தெரிவது கொழுந்து பறிக்கும் கை. காதிற் கேட்பது தேயிலையின் சந்தை விலை. கண்ணுக்குத் தெரிவது தென்னை மரத்தில் ஏறும் மனிதன். காதிற் கேட்பது கப்பற் செய்தி. தந்தி ஒலியும், கடிதம் சொல்லி எழுதுவிக்கும் குரலும், எண்களும் ஒன்றன்மேலொன்றாக மோதுகின்றன. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று விளக்காமல் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தேயிலைச் சபையின் பணத்தால் எடுத்த படம், தேயிலை விலையைப் பெண்ணின் விரல்மேல் ஏற்றி, இவ்விரலுக்கு அவ்விலையில் என்ன பங்கு என்ற வினாவை எழுப்புகின்றது. விளம்பரத்துக்கு வேண்டிய படத்தில் விளம்பரத்தையே குற்றக்கூண்டில் நிறுத்திய துணிவு இது. பேசாப் படக் கலை கற்பித்த பாடம் இங்கே பயன்பட்டது.

அவ்வினாவின் வலிமையை உணர அக்கால நிலையை அறிதல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டனர். தோட்டங்களிற் கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்து இந்தியாவுக்கு மீண்டோர் பலர். இலண்டன் சந்தையில் உச்சரிக்கப்பட்ட ஒவ்வோர் எண்ணும் அற்றன், கண்டி, மாத்தளைப் பகுதிகளின் லயங்களில் அடுப்பெரிவதையும் எரியாததையும் தீர்மானித்தது. 1931இல் நடேசையர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்ததும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடியதும் இக்காலத்தனவே. ஆகவே மலைநாட்டிற் குரல் இல்லாமல் இருக்கவில்லை, படத்திலேதான் இல்லை.

கன்னித் தீவென்று படம் பெயரிட்ட கிராமத்தின் நிலையும் அவ்வாறே. 1934ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் பரவிற்று. மறு ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கேகாலை, குருநாகல் பகுதிகளின் கிராமங்கள் பெரிதும் துன்புற்றன. குறையற்ற கிராம வாழ்வு திரையில் ஒளிர்ந்த வேளையில், அத்தகைய கிராமங்களில் மருந்தும் உணவும் இன்றி மக்கள் இறந்தனர். படம் எடுத்த காலத்துக்குப் பின் நிகழ்ந்தது ஆதலின் இயக்குநரைக் குறைகூறல் ஆகாது. ஆயினும் காலம் தீண்டாத கிராமம் என்ற கருத்து எத்துணை மெல்லியது என்பதை அந்நோய் காட்டிவிட்டது.

இப்படத்தின் மேல் சுமத்தத்தக்க பெருங்குற்றம் வேறொன்று. அதன் அமைப்பில் நடனம் ஆடுவோரும் வயல் உழுவோரும் 'கண்டி' ஆகின்றனர். கொழுந்து பறிப்போர் 'வணிகம்' ஆகின்றனர். முன்னவர்க்கு முழவொலியும் பாட்டும் உண்டு. பின்னவர்க்கு வாய்த்தது விலைப்பட்டியல். உழைப்பாளியின் சார்பில் வணிகத்தைக் கண்டித்த கலைஞரே, அவ்வுழைப்பாளியை வணிகத்தின் ஓர் உறுப்பாகக் கணித்துவிட்டார். ஒலிப்பதிவுக் கருவியை மலைக்குக் கொண்டுசெல்லல் அந்நாளில் அரிது எனச் சிலர் மறுக்கலாம். அம்மறுப்புப் பொருந்தாது. வணிகரின் குரலை இலண்டனில் அமைக்க முடிந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய கைதியின் குரலையும் அமைக்க முடிந்தது. பெரட்டுக்கு அழைக்கும் தப்பின் ஒலியும், கொழுந்துக் கூடை சுமந்தோர் பாடிய தமிழ்ப் பாட்டும் மட்டும் அமைக்கப்படவில்லை. அப்பாடல்கள் இருந்தன என்பதற்குப் பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை செய்த தொகுப்புப் பணியே சான்றாகும்.

நடையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. படத்தின் முதற்பகுதியில் அடியார் நடந்து மலையேறும் காட்சி மிகச் சிறந்தது. ஆனால் அம்மலைநாடு கண்ட இன்னொரு நடையை அது அறியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர் பெருகிய காலத்தில், தென்னிந்தியத் தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். கைதி நொக்ஸ் விடுதலை தேடி மலைநாட்டிலிருந்து மன்னார்க் கரைக்கு இறங்கிச் சென்றார். இவர்கள் பிழைப்புத் தேடி அதே கரையிலிருந்து மலைநாட்டுக்கு ஏறி வந்தனர். இறங்கியவனின் சொல் நூலாயிற்று, படமாயிற்று. ஏறியவரின் நடைக்குப் படச்சுருளில் ஓரடியும் இல்லை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்த நடை, அக்குறையை ஓரளவு நிரப்பியது எனலாம்.

கொழுந்து பறித்தோர் பழங்கண்டிக்கு அயலார் என்ற எண்ணமும் வரலாற்றால் ஆராயப்படவேண்டியது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குலத்தினர். இறுதி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தான். தலதா மாளிகையைச் சூழ நாதர், திருமால், கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோர்க்குத் தேவாலயங்கள் உள்ளன. பெரஹராவில் அவற்றின் ஊர்வலங்களும் சேர்கின்றன. பத்தினியாவாள் தமிழர் அறிந்த கண்ணகியே. ஏக்கத்தின் முதற்பொருளாகிய கண்டி ஏரியும் அவ்விறுதி மன்னன் அமைத்ததே. அதனை அமைத்தது குடிகளின் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு. எனவே பழங்கண்டி தூய ஓரினத்தின் தனியுடைமையாகவும் இருந்ததில்லை. துன்பமற்ற பொற்காலமாகவும் இருந்ததில்லை. அங்கும் கலப்பு இருந்தது. அங்கும் கூலியற்ற உழைப்பு இருந்தது.

இவையெல்லாம் கலையாராய்ச்சிக்குப் புறம்பான வாதங்கள் என எவரும் கருதற்க. யார் ஒரு நகரின் பழமைக்கு உரியவர் என்ற வினா, யார் அந்நாட்டின் குடிமக்கள் என்ற வினாவாக மாற நெடுங்காலம் செல்வதில்லை. படம் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவரை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர்த் தீர்க்கப்படுவதற்கு. எஞ்சியிருந்த நாடற்றோர் நிலை தீரும் பொருட்டு 2003ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் பகுதியில் அப்பெண்களின் தலைமேல் ஒலித்த எண்கள், திரையை விட்டிறங்கி அரசாங்க ஏட்டில் ஏறியமை போன்றதே இது. ஒரு திரைப்படம் இதற்குக் காரணமன்று. ஆயினும் ஒரு மக்களைப் பழமையின் சித்திரத்திலிருந்து நீக்கும் மனப்பான்மையும், அவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கும் மனப்பான்மையும் அண்டை வீட்டாரே.

அஃதேல், இப்படம் தள்ளத்தக்கதோ எனின், அன்று. அதன் பேசாச் சுருள் தன் ஒலியைவிட நேர்மையானது. படக்கருவி பொய் சொல்ல மறந்த இடங்கள் அதிற் பல உள. கொழுந்து கிள்ளும் விரலின் வேகம், கூடையின் சுமை, பறிப்பவளின் முகத்தில் உள்ள அமைதி ஆகியவற்றை எந்த உரையும் மறைக்கவில்லை. அப்பெண்கள் எவரெனப் பெயர் தெரியாது. ஆயினும் அவர் அங்கே நின்றனர், அம்மலையில் உழைத்தனர் என்பதற்கு அச்சுருள் அழியாச் சாட்சி. ஏக்கம் அவரைச் சித்திரத்திலிருந்து விலக்க முயன்ற காலத்திலும், வெளிச்சம் அவரைப் படத்தில் எழுதிவிட்டது. 1934ஆம் ஆண்டின் தோட்டப் பெண்ணுக்குக் கலையுலகம் அளித்த இடம் போதாதது; எனினும் அதுவும் இல்லாதிருந்தால் இன்று மறுப்பதற்கும் சான்று இராது.

ஆகவே இப்படத்தை இருமுறை காணுதல் வேண்டும். முதன்முறை ஒலியோடு கண்டு, அதன் இசையமைப்பையும் உரைநயத்தையும் சுவைத்தல் தகும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திப் பேசாப் படமாகக் காணல் வேண்டும். நொக்சின் சொல் நீங்கியவுடன் தொன்மை மணம் கலைகின்றது. வயலில் நிற்பவனும் தேயிலைச் செடியிடையே நிற்பவளும் ஒரே ஆண்டில், ஒரே வெயிலில், ஒரே ஆட்சியின் கீழ் உழைத்த இருவராகத் தோன்றுகின்றனர். ஒருவர் பழமை, மற்றவர் வணிகம் என்ற பிரிவினை படக்கருவி செய்ததன்று, பின்னர்ச் சேர்க்கப்பட்ட குரல் செய்தது என்பது அப்பொழுது தெளிவாகும்.

மாணவர் இதனின்றும் பெறத்தக்க பயன் ஒன்றுண்டு. கண்டி ஏரியின் கரையில் நின்று அதன் அழகை வியப்பது குற்றமன்று. அதன் கரையை இட்ட கைகளை நினையாது வியப்பதே குற்றம். சுற்றியுள்ள மலைகளின் பசுமையைப் பாடுவது தவறன்று. அப்பசுமையை நட்டு வளர்த்தவரின் பெயரை விட்டுப் பாடுவதே தவறு. பழமையின் மேல் உண்மை அன்புடையார் அதன் ஒளியோடு அதன் உழைப்பையும், அதன் விழாவோடு அதன் பசியையும் தமக்குரியதாக ஏற்பர். அங்ஙனம் ஏற்கும் நாளில் பழங்கண்டியின் சித்திரத்தில் ஆடுபவரின் வெள்ளியணியும் பறிப்பவரின் கொழுந்துக் கூடையும் அருகருகே இடம்பெறும்; வாய் திறவாது நின்ற அப்பெண்களும் நகரின் முன்னோருள் வைத்து எண்ணப்படுவர்.